டி3 குறைவா? கழுத்தை மட்டுமல்ல, கல்லீரலையும் ஒருமுறை விசாரிங்க!

"மாமாவுக்குத் தைராய்டாம்மா!"

கரூரிலிருந்து அத்தை போனில் இதைச் சொன்னபோது, அவர் குரலில் கவலையைவிட நிம்மதிதான் அதிகம் இருந்தது.

மாமா, என் அம்மாவின் தம்பி. 46 வயது. பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். ஆறு மாதமாகவே ஆள் சரியில்லை. எப்போதும் அசதி. காலையில் முகம் உப்பியிருக்கும். நாலு படி ஏறினால் தொடை நடுங்கும். பத்து வருடங்களுக்கும் மேலாக, வேலை முடிந்ததும் டாஸ்மாக் போய்விட்டுத்தான் வீடு திரும்புவார். அதனால், 'எல்லாம் குடியால வந்தது' என்று சொந்தபந்தம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தது. அதைக் கேட்டுக் கேட்டே அத்தை விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார். இப்போது லேப் ரிப்போர்ட்டில் டி3 என்ற இடத்தில் 62 என்று அச்சாகி, பக்கத்தில் கீழ்நோக்கி ஓர் அம்புக்குறி. இருக்க வேண்டிய அளவு 80 முதல் 200 வரை என்று அதிலேயே போட்டிருந்தது.

தைராய்டு, நம் வீடுகளில் வெளியே சொல்லிக்கொள்ளக்கூடிய நோய். சர்க்கரை, பிரஷர் மாதிரி. சொன்னால் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். 'எனக்கும்தாங்க' என்று பக்கத்தில் வந்து உட்காருவார்கள். அத்தைக்கே எட்டு வருடங்களாகத் தைராய்டு குறைபாடு உண்டு, 50 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். அதனால் அவர் ஒரு காரியம் செய்தார். டாக்டரைப் பார்க்கும்வரை சும்மா இருப்பானேன் என்று, தன்னுடைய மாத்திரையிலேயே ஒன்றைத் தினமும் காலையில் மாமாவுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

டாக்டரிடம் போனது எட்டாவது நாள். நானும் கூடப் போயிருந்தேன். மாத்திரைக் கதையைக் கேட்டதும் டாக்டர் முதலில் மாமாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தார். ஈசிஜி எடுக்கச் சொன்னார். அது ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் ரிப்போர்ட்டைக் கையில் எடுத்தார். இது தைராய்டு நோயே இல்லை, மாத்திரையை இன்றோடு நிறுத்துங்கள் என்றார். பிறகு, அதே கவருக்குள் இருந்தும் நாங்கள் யாரும் சரியாகப் பார்க்காத இன்னொரு தாளை உருவி மேலே வைத்தார். லிவர் ஃபங்ஷன் டெஸ்ட்.

கழுத்தில் இருக்கிற சுரப்பிக்கும், வலது விலா எலும்புக்குக் கீழே இருக்கிற கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? ஹெல்த் செய்திகள் எழுதுகிற எனக்கே அன்று சட்டென்று புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததைத்தான் இங்கே சொல்கிறேன்.

நெல் அங்கே, அரிசி இங்கே

தைராய்டு சுரப்பி தயாரிப்பதில் பெரும்பகுதி டி4 என்கிற தைராக்சின். நான்கு அயோடின் அணுக்கள் ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர். ஆனால், நம் செல்கள் நேரடியாக வேலை வாங்குவது டி3-யிடம்தான். அதில் மூன்று அயோடின் அணுக்கள். டி4 நெல் என்றால், டி3 அரிசி. வயலிலிருந்து வருவது நெல். உலையில் போட வேண்டியது அரிசி. நடுவில் ஒரு மில் வேண்டும் அல்லவா? உடம்பில் அப்படிப்பட்ட மில்கள் பல இடங்களில் இருக்கின்றன. சிறுநீரகம், தசை, மூளை எல்லாவற்றிலும் உண்டு. அவற்றில் பெரிய மில்களில் ஒன்று கல்லீரல். ரத்தத்தில் சுற்றும் டி3-யில் சுமார் 20 சதவிகிதம் மட்டுமே தைராய்டு சுரப்பியிலிருந்து நேரடியாக வருகிறது. மீதி 80 சதவிகிதம், டி4-லிருந்து ஓர் அயோடினைக் கழற்றி வெளியே தயாரிக்கப்படுவது.

இந்த விஷயம் தெரியவருவதற்கே மருத்துவ உலகுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது. அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல், தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தது 1914 கிறிஸ்துமஸ் அன்று. டி3 என்று ஒன்று இருப்பதே 1952-ல்தான் தெரிந்தது; லண்டனில் ஜாக் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் இருவரும் கண்டுபிடித்தார்கள். டி3 எங்கே தயாராகிறது என்ற கேள்விக்கு 1970-ல் பிரேவர்மேன், இங்பார், ஸ்டெர்லிங் ஆகிய மூவர் எளிமையான ஒரு வழியில் பதில் தேடினார்கள். தைராய்டு சுரப்பி வேலை செய்யாத, டி4 மட்டுமே மருந்தாகப் பெறுகிற மனிதர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். அதில் டி3 இருந்தது! சுரப்பியே இல்லாதபோது டி3 எங்கிருந்து வந்திருக்கும்? உடம்பு தானே மாற்றிக்கொண்டிருக்கிறது என்பது உறுதியானது.

அயோடினைக் கழற்றும் வேலையைச் செய்வது 'டீஅயோடினேஸ்' என்கிற நொதி. அதற்குள் செலினியம் என்ற தாது இருக்கிறது. (உடனே செலினியம் மாத்திரை ஆர்டர் போட வேண்டாம். அதுவும் அளவு மீறினால் முடி கொட்டும், நகம் உடையும்.) சரியான பக்கத்திலிருந்து அயோடினைக் கழற்றினால் டி3. வேறு பக்கத்திலிருந்து கழற்றினால் 'ரிவர்ஸ் டி3' என்கிற, வேலைக்காகாத சரக்கு. அரைவை தப்பினால் அரிசி நொய்யாகிப் போவதைப் போல. உடம்பு நோயில் விழும்போது டி3 குறைகிறது, ரிவர்ஸ் டி3 கூடுகிறது.

கல்லீரலின் வேலை இதோடு முடியவில்லை. இந்த ஹார்மோன்கள் ரத்தத்தில் தனியாகப் போகாது. ஏதாவது ஒரு புரதத்தின் மீது ஏறித்தான் போகும். டி4-ல் 99.9 சதவிகிதத்துக்கும் மேல் இப்படிப் புரதத்தோடு ஒட்டியே இருக்கிறது. அந்த வாகனப் புரதங்களைத் தயாரிப்பதும் கல்லீரல்தான். வேலை முடிந்த ஹார்மோனைப் பித்தநீர் வழியாகக் குடலுக்கு அனுப்பி வெளியேற்றுவதும் அதுவே. ஆக அரைவை, போக்குவரத்து, கழிவகற்றல் எல்லாம் ஒரே இடத்தில் நடக்கிறது. அந்த இடம் பழுதானால், சுரப்பி நன்றாக இருந்தாலும் ரிப்போர்ட்டில் எண்கள் மாறத்தானே செய்யும்!

டாக்டர் முதலில் பார்த்த எண்

மாமாவின் ரிப்போர்ட்டில் நாங்கள் பார்த்தது டி3. டாக்டர் முதலில் பார்த்தது டிஎஸ்ஹெச். அது 2.1 என்று இருந்தது, முழுக்க நார்மல்.

டிஎஸ்ஹெச் என்பது மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டுக்கு அனுப்புகிற உத்தரவு. தைராய்டு சோம்பினால் உத்தரவு உரக்க வரும். அதாவது டிஎஸ்ஹெச் ஏறும். அத்தைக்கு முதன்முதலில் தைராய்டு கண்டுபிடித்தபோது அப்படித்தான் ஏறியிருந்தது. மாமாவுக்கு ஏறவில்லை. டி3 மட்டும் இறங்கியிருக்கிறது. அப்படியென்றால் பெரும்பாலும் வயலில் குறையில்லை, மில்லில்தான் குறை. அந்த மில்லின் நிலைமை இரண்டாவது தாளில் இருந்தது. எஸ்ஜிஓடி 148, எஸ்ஜிபிடி 61. இரண்டுமே கூடுதல், அதிலும் முதலாவது, இரண்டாவதைப்போல இரு மடங்குக்கும் மேல். குடியால் கல்லீரல் கெடும்போது அடிக்கடி தென்படுகிற விகிதம் இது. பிறகு எடுத்த ஸ்கேனில் கிரேடு 2 ஃபேட்டி லிவர் என்று வந்தது.

மது எந்த இடத்தில் கை வைக்கிறது?

ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடமே கிடையாது. அதனால் அது உள்ளே வந்ததும் கல்லீரல் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதை எரிக்கத் தொடங்குகிறது. முதலில் அசிட்டால்டிஹைடு என்கிற நச்சுப்பொருளாகவும், பிறகு அசிட்டேட்டாகவும் மாற்றுகிறது. இப்படி எரிக்கும்போது செல்லுக்குள் இருக்கும் வேதிச் சமநிலை சாய்ந்துவிடுகிறது. அதுவரை ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த கொழுப்பு அமிலங்கள் எரியாமல் தேங்குகின்றன. புதிதாகவும் கொழுப்பு உருவாகிறது. நிறைய குடிப்பவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குக் கல்லீரலில் கொழுப்பு படிவது இப்படித்தான்.

டீஅயோடினேஸ் நொதி வேலை செய்வதற்கு, குளுட்டத்தையோன் போன்ற துணைப்பொருட்களின் தயவு வேண்டும். தொடர்ந்து குடிப்பவரின் கல்லீரலில் அந்தக் குளுட்டத்தையோன் இருப்பு வற்றிப்போகிறது. கூடவே, குடிப்பவர்கள் பலர் சரியாகச் சாப்பிடுவதில்லை. மாமா இரவில் சைடு டிஷ்ஷோடு சரி, சாப்பாடு கிடையாது. பட்டினி கிடந்தாலும் டி3 இறங்கும். அது தனிக் கதை, கொஞ்சம் பொறுங்கள். கல்லீரல் சுருங்கி, சிரோசிஸ் நிலைக்குப் போனவர்களிடம் டி3 குறைவு மிகவும் சகஜம். கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறதோ, அவ்வளவுக்கு டி3 இறங்கியும் ரிவர்ஸ் டி3 ஏறியும் இருப்பதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. நீண்ட நாள் குடிப்பவர்களின் தைராய்டு சுரப்பியே மற்றவர்களுடையதைவிடச் சிறியதாக இருப்பதையும் அல்ட்ராசவுண்ட் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, மது மில்லை மட்டும் கெடுப்பதில்லை. வயலிலும் கொஞ்சம் கை வைக்கிறது.

இந்த இடத்தில், அளவாகக் குடிப்பவர்களுக்கு ஆட்டோ இம்யூன் தைராய்டு குறைபாடு குறைவாக இருந்தது என்று 2012-ல் டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வை யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பக்கூடும். ஆய்வு உண்மைதான். ஆனால் அது தற்காப்பு மருந்துச் சீட்டு அல்ல. பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என்பது 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. மாமாவுக்கு நான் இரண்டாவதை மட்டும் அனுப்பினேன்.

மாத்திரை கொடுத்தால் என்ன தப்பு?

அத்தை கேட்ட கேள்வி இது. 'குறையுதுன்னா கொடுத்துச் சரிபண்ண வேண்டியதுதானே!' நியாயமான கேள்வி. எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

அத்தை கொடுத்தது டி4. மாற்றும் மில் தடுமாறுகிற நேரத்தில் இன்னும் கொஞ்சம் நெல்லைக் கொண்டுபோய்க் கொட்டுவதில் என்ன லாபம்? அதைவிட முக்கியமான காரணம் இதயம். தைராய்டு ஹார்மோன் தேவைக்கு மேல் போனால் இதயம் படபடக்கும், துடிப்பின் தாளம் தவறும். மதுவும் தாளத்தைத் தப்பவைக்கக்கூடியது. இரண்டும் ஒரே நெஞ்சில் சேரக் கூடாது. டாக்டர் முதலில் நாடியைப் பிடித்தது அதனால்தான். இன்னொன்றையும் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நோய்க்காலத்தில் டி3 இறங்குவது, உடம்பு தன் செலவைத் தானே சுருக்கிக்கொள்கிற ஏற்பாடாகவும் இருக்கலாம். வருமானம் குறைந்தால் நாம் கேபிளைத் துண்டிப்பதில்லையா, அதுபோல. அதனால் இப்படி டி3 மட்டும் இறங்கியிருந்தால், பொதுவாகத் தைராய்டு மாத்திரை கொடுப்பதில்லை. அடிப்படை நோயைத்தான் கவனிக்கிறார்கள்.

இதில் ஒரு சுவாரஸ்யமான வரலாறு உண்டு. கனடாவின் டொரொன்டோவில் யெடி இஸ்ரேல் என்ற விஞ்ஞானியும் அவர் குழுவினரும் 1970-களில் இதற்கு நேர் எதிர்த் திசையில் யோசித்தார்கள். தொடர்ந்து மதுவை எரிக்கும் கல்லீரல், தைராய்டு அதிகமானவரின் கல்லீரல் மாதிரி ஆக்சிஜனை வாரிக் குடிக்கிறது. ரத்தம் கடைசியாகப் போய்ச் சேரும் பகுதியில் ஆக்சிஜன் பற்றாமல் செல்கள் சாகின்றன என்பது அவர்களின் கணிப்பு. அப்படியானால் தைராய்டைக் குறைக்கிற மருந்து கொடுத்தால் கல்லீரல் பிழைக்குமா? புரோப்பைல்தையோயூரசில் என்ற மருந்தை, மதுவால் கல்லீரல் கெட்ட 310 பேர் கலந்துகொண்ட ஆய்வில், இரண்டு வருடங்கள் வரை கொடுத்துப் பார்த்தார்கள். மருந்து சாப்பிட்டவர்களிடம் இறப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 1987-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் முடிவு வெளியானது. பெரிய நம்பிக்கை. ஆனால் பிற்பாடு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசிய காக்ரேன் மதிப்பாய்வுகளில் அந்தப் பலன் நிற்கவில்லை. போதாக்குறைக்கு, அந்த மருந்தே சிலருக்குக் கல்லீரலைக் கடுமையாகப் பாதிக்கும் என்று 2010-ல் அமெரிக்காவின் எஃப்டிஏ மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது. கூட்டியும் பார்த்தாயிற்று, குறைத்தும் பார்த்தாயிற்று. மதுவை நிறுத்துவதற்கு மாற்று, தைராய்டு பக்கம் கிடைக்கவில்லை.

'ஒரு சொட்டுகூடத் தொடாத எனக்கு எப்படி?'

மாமாவின் ஸ்கேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அத்தை மெதுவாகத் தன் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டையும் பையிலிருந்து எடுத்தார். கிரேடு 1 ஃபேட்டி லிவர். அதை ஒரு வருடமாக யாரிடமும் காட்டவில்லை. 'ஃபேட்டி லிவர்னா குடிக்கிறவங்களுக்கு வர்றதுன்னு சொல்வாங்களே, என்னையும் அப்படி நினைச்சுட்டா?' என்பது அவர் பயம்.

குடிக்காதவர்களுக்கு ஃபேட்டி லிவர் வர முதன்மைக் காரணம் வயிற்றுச் சதை, சர்க்கரை, இன்சுலின் சரியாக வேலை செய்யாமை. தைராய்டு குறைபாடு அதற்குத் துணைபோகிறது. கல்லீரலில் கொழுப்பு அமிலங்களை எரிக்கச் சொல்கிற ஹார்மோன்களில் டி3-யும் ஒன்று. அது குறைந்தால் அடுப்பு மந்தமாகிறது, எரியாத கொழுப்பு அங்கேயே தங்குகிறது. ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலைக் கல்லீரல் இழுத்துக்கொள்வதும் குறைகிறது. தைராய்டு குறைபாடு உள்ளவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறுவதன் காரணம் இதுதான்.

திரும்பிவரும் பாதையும் உண்டு. கல்லீரல் திசுவோடு ஒலீயிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களைச் சேர்த்து ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, டி4 டி3-யாக மாறுவது குறைந்தது. செல்லின் உட்கருவில் டி3 போய் உட்கார வேண்டிய இடத்திலும் கொழுப்பு அமிலங்கள் இடைஞ்சல் செய்வதை 1980-களின் ஆய்வுகள் காட்டின. அதாவது ஹார்மோன் குறைந்தால் கொழுப்பு சேருகிறது. கொழுப்பு அமிலம் கூடினால் ஹார்மோனின் வேலை தடைபடுகிறது. ஒலீயிக் அமிலம் கடலை எண்ணெயில் இருக்கிறதே என்று எண்ணெய் டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இங்கே பேசுவது, தாளிக்கிற எண்ணெயைப் பற்றி அல்ல. உடம்பின் கொழுப்புக் கிடங்கிலிருந்து அவிழ்ந்து ரத்தத்தில் சுற்றுகிற கொழுப்பு அமிலங்களைப் பற்றி.

முன்பே சொன்ன பட்டினி விஷயம் இங்கேதான் வருகிறது. சில நாட்கள் சேர்ந்தாற்போல் சாப்பிடாமல் இருந்தால், கிடங்கிலிருந்து கொழுப்பு அமிலம் ரத்தத்தில் கொட்டும், டி3 பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடும். மாவுச்சத்து கொடுத்தால் திரும்ப ஏறும். கடுமையான டயட்டில் இருக்கும்போது தைராய்டு டெஸ்ட் எடுத்து டி3 குறைவு என்று பதறுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம். ஹெப்பாரின் ஊசி போட்டவர்களின் ரத்தத்தில் இன்னொரு விளையாட்டு நடக்கும். அந்த ஊசியால், எடுத்த ரத்தம் டியூபில் இருக்கும்போதே கொழுப்பு அமிலங்கள் உருவாகி, புரதத்தின் மேல் இருக்கிற டி4-ஐக் கீழே தள்ளிவிடும். ரிப்போர்ட்டில் 'ஃப்ரீ டி4' பொய்யாகக் கூடுதலாகத் தெரியும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஹெப்பாரின் வழக்கம் என்பதால், அவர்கள் ரத்தம் கொடுக்கும்போது இதை லேபிலும் டாக்டரிடமும் சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் கல்லீரல்-டி3 உறவை மருந்தாகவே மாற்றியும் விட்டார்கள். ரெஸ்மெட்டிரோம் என்ற மாத்திரை, முக்கியமாகக் கல்லீரலில் இருக்கிற தைராய்டு ஏற்பியைத் தூண்டுகிறது. 966 பேர் பங்கேற்ற ஆய்வுக்குப் பிறகு, 2024 மார்ச்சில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ஒரு வருடத்தில் கல்லீரல் அழற்சி தணிந்தவர்கள், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் சுமார் 10 சதவிகிதம். 100 மில்லிகிராம் மருந்து சாப்பிட்டவர்களில் சுமார் 30 சதவிகிதம். ஆனால் அந்த அனுமதி மதுவால் வந்த பாதிப்புக்கு அல்ல. கிரேடு 1 ஃபேட்டி லிவருக்கும் அல்ல. தழும்பு ஓரளவு முற்றி, இன்னும் சிரோசிஸ் ஆகாதவர்களுக்குத்தான்.

அத்தைக்கு டாக்டர் சொன்னது சின்ன மாற்றம். அவர் எட்டு வருடங்களாக மாத்திரையை விழுங்கிவிட்டு உடனே டிகாஷன் காபி குடித்திருக்கிறார். காபி அந்த மாத்திரை குடலில் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். தண்ணீரில் விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி. கூடவே நடை, இரவுச் சாப்பாட்டில் சோற்றைக் குறைப்பது.

மாமாவுக்குச் சொன்னது பெரிய மாற்றம். அதை 'நாளையிலிருந்து நிறுத்திடுங்க' என்று ஒரே வரியில் சொல்லவில்லை. வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கத்தில் தொடங்கி, வலிப்பு, சித்தப்பிரமை வரை போகலாம். அதனால் மனநலப் பிரிவுக்கு அனுப்பி, முதல் சில நாட்கள் மருத்துவமனையில் வைத்து, வைட்டமின் பி1 கொடுத்து நிறுத்த வைத்தார்கள். வீட்டில் இப்படி ஒருவர் இருந்து, எங்கே போய்க் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

வைகாசியில் மாரியம்மன் கோயில் கம்பம் விடும் அன்று மாமா ஒருமுறை தவறினார். மறுநாள் அவராகவே டாக்டருக்குப் போன் செய்து சொன்னார். மூன்று மாதம் கழித்து எடுத்த ரத்தப் பரிசோதனையில் எஸ்ஜிஓடி 52-க்கு இறங்கியிருந்தது. டி3 91. ஒரு தைராய்டு மாத்திரைகூட இல்லாமல் நார்மலுக்குள் வந்துவிட்டது. ஆனால், ஸ்கேனில் கொழுப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆறு மாதத்தில் திரும்ப எடுக்க வேண்டும்.

போன வாரம் ஒரு காதுகுத்து விழாவில் யாரோ மாமாவிடம், 'ஆளே மாறிட்டியேப்பா' என்றார்கள். 'தைராய்டு இருந்துச்சு மாமா, சரியாயிடுச்சு' என்றார் மாமா. பக்கத்தில் நின்ற அத்தை என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் ஒன்றும் சொல்லாமல் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போனார்.